பச்சைத் திரைக்குப் பின்னால் சந்திரலேகா

உள் அறையிலிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு.

அடுப்படியில் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்த நவநீதன், கரண்டியைப் பிடித்தபடி மூன்றாவது தட்டுக்காகக் காதைத் தீட்டினார். இரண்டு தட்டினால் தண்ணீர். மூன்று தட்டினால் வலி. கூப்பிடத் தெம்பில்லாமல் போன பிறகு அவர் மனைவி சந்திரலேகா ஏற்படுத்திக்கொண்ட பாஷை அது. கும்மியில் அவள் கை தட்டினால் நாலு தெரு தாண்டிக் கேட்கும் என்று விழிதியூர் முழுக்கப் பேர். அந்தக் கைகளின் சத்தம் இன்று ஒரு சுவரைத் தாண்டி வருவதே பெரிய காரியமாகிவிட்டது.

மூன்றாவது தட்டு வரவில்லை. அவர் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

"தண்ணி வேணாங்க. மணி என்ன?"

"பத்தரை."

"பட்டினத்துலேருந்து மெஹர் பானு லாத்தா பதினோரு மணிக்கு வர்றேன்னாங்க. அந்த நாற்காலியைக் கிட்டத்துல போடுங்க. பீரோவுல ஆஸ்பத்திரி ஃபைல் இருக்கு, அதையும் எடுத்து வச்சிடுங்க."

"ஃபைல் எதுக்கு?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

நவநீதனுக்குத் தெரியும். மூன்று நாளாக இந்த வீட்டில் அந்த ஒரு பேச்சுதான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். பீரோ பக்கம் மட்டும் போகவில்லை.

"முப்பத்தஞ்சு வருஷம் கரண்டு கம்பத்துல ஏறி எறங்குனவன் நான். ஒருநாள்கூடப் பயந்ததில்ல. இப்பப் பயமா இருக்கு. வேணாம் சந்திரா, சொல்லாத. ஊரே உன்னைக் கும்பிடுது. பேரோட இருக்க. அப்படியே பேரோட..."

அவரால் முடிக்க முடியவில்லை. அவள்தான் முடித்துவைத்தாள்.

"பேரோடயே போயிடுன்றீங்க."

அந்தப் பேர் எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் இந்தத் தம்பதியின் தவிப்பு புரியும்.

சந்திரலேகாவுக்கு வயது நாற்பத்தொன்பது. பத்தொன்பது வயதில் விழிதியூருக்கு வாழ வந்தவள். கணவர் மின்துறையில் லைன்மேன். ஒரு ஏக்கருக்கும் குறைவாக இரண்டு மா நிலம். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று அவள் வாழ்க்கையும் மற்றப் பெண்களின் வாழ்க்கை மாதிரியேதான் போனது, ஒன்றைத் தவிர. இருபத்திரண்டு வயதில் அவள் வயிற்றிலேயே ஒரு பெண் குழந்தை இறந்துபோனது. அதை வெளியே எடுக்க ஒரு ஆஸ்பத்திரியின் இரும்புக் கட்டிலில் அவளைக் கிடத்தினார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்பது இப்போது எதற்கு? கதவு திறந்தே கிடந்தது. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். வலியில் கத்தியவளின் தொடையில் ஒரு கை ஓங்கி அறைந்தது. "பெத்துக்கத் துப்பில்ல, கத்த மட்டும் தெரியுதா?" என்று ஒரு குரல். அந்த வார்த்தை சந்திரலேகாவின் காதை விட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையும் இல்லை. காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்வதைத் தவிர வேறு எதற்கும் எந்த டாக்டரையும் தன்னைத் தொட விட்டதுமில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு கும்மிக் குழு ஆரம்பித்தார்கள். கோயில் திருவிழாக் கும்மி இல்லை இது. பெண்களுக்கு வரும் நோய்களைப் பற்றிப் பாட்டும் பேச்சும் நடிப்புமாக முக்கால் மணி நேரம். ஆட்டம் முடிந்ததும் அதே இடத்தில் முகாம் நடக்கும். கருப்பை வாயில் புற்று வருகிறதா என்று பார்ப்பார்கள். சந்திரலேகாவுக்கு ராசாத்தி வேஷம். வெள்ளைப்பட்டும் ரத்தம் பட்டும் யாரிடமும் சொல்லாமல் மறைக்கிற ஒரு மருமகள். சுற்றி நிற்கும் எட்டுப் பேரும் கையைத் தட்டிக் கேட்பார்கள்:

"சொல்லாம வச்சா சொகமா ஆகுமா – அடி
சேலையில மறைச்சா நோவுந்தான் போகுமா?"

அதற்கு ராசாத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, "அய்யய்யோ, எங்க மாமியா காதுல விழுந்தா கடைத்தெருவுல தம்பட்டம் அடிச்சிருவாங்கடி!" என்பாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடைசியில் ராசாத்தி மயங்கி விழும்போது அதே பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள்.

முதல் முகாம் நெடுங்காட்டில், ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது. நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். சிரித்தார்கள், அழுதார்கள், கை தட்டினார்கள். ஆட்டம் முடிந்து கிராம செவிலியர் பிரதீபா பச்சைத் திரையை விலக்கி, "வாங்கம்மா, ஒவ்வொருத்தரா வாங்க" என்று கூப்பிட்டாள். ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை. செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

சந்திரலேகாவுக்கு என்ன தோன்றியதோ, "ஏன்டி பயப்படுறீங்க? நான் மொதல்ல போறேன், பாருங்க" என்று திரைக்குள் நுழைந்துவிட்டாள். உண்மையாகவே பரிசோதனை செய்துகொள்ளத்தான் நுழைந்தாள். ஆனால் உள்ளே கிடந்தது ஓர் இரும்புக் கட்டில். அதைப் பார்த்ததும் அவள் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன.

"என்னால முடியாதும்மா பிரதீபா" என்றாள் மெதுவாக. "வெளியில சொல்லிடாத. அதுங்க எல்லாம் ஓடிப்போயிடும்."

பிரதீபா திகைத்து நின்றாள். சந்திரலேகா குனிந்து, இரண்டு கையாலும் கட்டிலை அழுத்தினாள். கிரீச் என்று அது முனகியது. ஒருத்தி ஏறிப் படுத்த மாதிரியே சத்தம். மனதுக்குள் இருநூறு வரை எண்ணினாள். மறுபடியும் அழுத்தினாள். பிறகு சேலையைச் சரிசெய்தபடி வெளியே வந்தாள்.

"இவ்ளோதானாடி! இதுக்கா பயந்தோம்? எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல!"

அன்றைக்குப் பதினோரு பெண்கள் திரைக்குள் போனார்கள்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. எந்த ஊர் முகாமானாலும் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி, "சந்திரா அக்கா போயிட்டு வந்தாச்சா?" என்பதுதான். ஆறு வருடம், முப்பத்தொரு முகாம். முப்பத்தொரு தடவை கட்டிலை அழுத்தினாள், இருநூறு எண்ணினாள், சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். "அக்கா, ஒரே ஒரு தடவை நெசமாப் படுத்துடுங்களேன்" என்று பிரதீபா எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறாள். "அடுத்த கேம்புல பாப்போம், வெளியில வரிசை நிக்குது பாரு" என்பதுதான் பதில். அந்த வரிசையிலிருந்து எத்தனை பெண்கள் பிழைத்தார்கள்! பிழைக்க வைத்தவள் ஒருநாளும் அந்த வரிசையில் நிற்கவில்லை.

அப்படிப் பிழைத்தவர்களில் ஒருத்திதான் திருமலைராயன்பட்டினத்து மெஹர் பானு. அவர்கள் வீடுகளில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். சந்திரலேகாவும் அப்படியே கூப்பிடப் பழகிக்கொண்டாள். நான்கு வருடத்துக்கு முன்னால் அங்கே நடந்த முகாமில், துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவளின் கையைப் பிடித்து, "நான் போயிட்டு வர்றேன், பின்னாடியே நீங்க வாங்க லாத்தா" என்றாள் சந்திரலேகா. மெஹர் பானு போனாள். புற்றாக மாறுவதற்கு முந்தின நிலையிலேயே கண்டுபிடித்து, அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்துக் குணமாக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து பெருநாளைக்குப் பெருநாள் பட்டினத்திலிருந்து விழிதியூருக்கு பிரியாணி வரும். பொங்கலுக்கு இங்கிருந்து கரும்பு போகும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மாதவிலக்கு நின்று வெகுநாள் கழித்து, சந்திரலேகாவுக்கு மறுபடியும் ரத்தம் பட ஆரம்பித்தது. அது என்ன என்று அவளை விட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ஜில்லாவில் யார் இருக்கிறார்கள்? ஊர் ஊராகப் போய்ப் பாடியவள் அல்லவா அவள்! ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால், "முன்னாடி டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்பார்களே. என்ன சொல்வது? பழைய பயத்தோடு இந்தப் புதுப் பயமும் சேர்ந்துகொண்டது. பழைய சேலையைக் கிழித்து வைத்துக்கொண்டு மேலும் எட்டு மாதம் ஆடினாள்.

பட்டினத்தில் மறுபடியும் ஓர் ஆட்டம். ராசாத்தி மயங்கி விழுகிற இடம் வந்தது. விழுந்தாள். சேலையெல்லாம் சிவப்பு. "எப்படிச் செய்றா பாரு!" என்று கூட்டம் கை தட்டியது. குழுப் பெண்களும் சுற்றி நின்று பாட்டைத் தொடர்ந்தார்கள். ராசாத்தி எழுந்து கும்பிட வேண்டிய அடி வந்தது. எழவில்லை. அந்த அடியை இரண்டாம் தடவை பாடினார்கள். மூன்றாம் தடவை பாடும்போதுதான் ஒருத்திக்குச் சந்தேகம் வந்து குனிந்து தொட்டாள். அதுவரைக்கும் கைதட்டல் நிற்கவில்லை.

புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள். கரண்டு என்று ஊரில் சொல்கிற கதிர்வீச்சை வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி போனது. ஆறு மாதம் கழித்து, "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாத சேதி வேறொன்று. மூன்று நாளைக்கு முன்னால் வலி மருந்து கொடுக்க வந்த பிரதீபாவிடம், "நெடுங்காடு கேம்ப் நல்லா நடந்துச்சாம்மா?" என்று ஆசையாகக் கேட்டாள். பிரதீபா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூணு பேர்தான்க்கா வந்தாங்க."

"மூணா! ஏன்?"

பிரதீபா அழுதுவிட்டாள். "சந்திரா அக்கா முப்பது தடவை பாத்துக்கிட்டாங்களே, அவங்களுக்கே வந்திடுச்சே, அப்புறம் இந்த டெஸ்ட் எதுக்குன்னு கேக்குறாங்க. நான் என்னக்கா பதில் சொல்லுவேன்?"

அன்றிலிருந்துதான் வீட்டில் இந்தப் பேச்சு. அவள் உண்மையைச் சொல்ல வேண்டும் என்கிறாள். அவர் வேண்டாம் என்கிறார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

மெஹர் பானு கையில் மீன் குழம்புத் தூக்குவாளியோடு உள்ளே வந்தாள். "கொடுவா மீனு ஆணம் கொண்டாந்திருக்கேன். காரமே போடல. ரெண்டு வாயாவது தின்னணும், ஆமா" என்று பேசிக்கொண்டே வந்தவள், கட்டிலில் கிடந்த உருவத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஒரு நொடிதான். உடனே சமாளித்துக்கொண்டாள்.

"என்ன புள்ள, மொட்டையப் போட்டுக்கிட்டு புது மருமவ கணக்கா வெக்கப்படுற?"

"வெக்கப்பட்டாதான் ராசாத்தி வேஷம் நல்லா வரும் லாத்தா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகி, இருமல் வலியாகி, நவநீதன் ஓடிவந்து தலையைத் தாங்கிப் பிடிக்கும்படி ஆனது. வலி அடங்கும்வரை மெஹர் பானு அவள் உள்ளங்காலைத் தேய்த்துவிட்டாள்.

"வீட்டுல எல்லாரும் சொகமா லாத்தா? ஷஃபீனா எப்படி இருக்கு?"

மெஹர் பானுவின் முகம் வாடியது. ஷஃபீனா அவள் ஒரே மகள். முப்பத்திரண்டு வயது. மாப்பிள்ளை ஷார்ஜாவில்.

"அவளப் பத்தித்தான் கவலையா இருக்கு. மூணு மாசமா நாள் கணக்கில்லாம ரத்தம் படுதாம். நேத்துதான் எங்கிட்டயே வாயத் தொறந்தா. கேம்புக்கு வாடின்னா வர மாட்டேங்குறா. சந்திராம்மா பாக்காத டெஸ்டா, அவங்களையே அது காப்பாத்தலையே உம்மா, எனக்கு எதுக்கு அந்த அசிங்கம்னு கேக்குறா. எனக்கும் அது நாயமாத்தான் படுது. நீயே சொல்லு புள்ள. எனக்கு ஏதோ அல்லாஹ் காப்பாத்துனான். மத்தபடி அந்த டெஸ்டுல என்ன இருக்கு?"

சந்திரலேகா கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கெஞ்சினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"லாத்தா, நான் ஒருதடவைகூடப் பாத்துக்கிட்டதில்ல."

"என்னது?"

"அந்த டெஸ்ட. ஒருதடவைகூட இல்ல. திரைக்குள்ள போவேன், சும்மா நிப்பேன், வெளியில வருவேன். முப்பத்தொரு தடவையும் அப்படித்தான்."

நவநீதன் நடுவில் பாய்ந்தார். "லாத்தா, அவ மருந்து மயக்கத்துல ஒளர்றா. நேத்து ராத்திரிகூட என்னைப் பாத்து யாருன்னு கேட்டா. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

"ஒளறலைங்க. அந்த ஃபைல எடுங்க. மொதப் பக்கத்துல டாக்டர் எழுதியிருக்காரு, முன்னால எந்தப் பரிசோதனையும் செஞ்சதில்லன்னு. அவருகிட்ட மட்டுந்தான் நான் பொய் சொல்லல."

அவர் அசையவில்லை. சந்திரலேகா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். பதினைந்து நாளாகத் தானாகத் திரும்பிப் படுக்கக்கூட முடியாதவள். கை நழுவியது. தலையணையோடு சரிந்தாள். நவநீதன் "ஐயோ" என்று அவளைத் தாங்கிக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"நெசந்தான் லாத்தா. அவ சொல்றது அத்தனையும் நெசம். ஆஸ்பத்திரியிலதான் எனக்கே தெரிஞ்சுது. ஊர்ல யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நாந்தான் ஃபைலப் பீரோவுல வச்சுப் பூட்டுனேன்."

மெஹர் பானு தேய்த்துக்கொண்டிருந்த காலிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"நான் வெளியில நின்னேனே. கட்டில் சத்தம் கேட்டுச்சே."

"கையால அழுத்துனேன் லாத்தா."

"அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான், பாவம் அவளே ஏறிப் படுத்துட்டா, நமக்கென்னன்னு நான் உள்ள வந்தேன்."

"தெரியும் லாத்தா. அதுக்குத்தான் அழுத்துனேன்."

"எதுக்கு இப்படிச் செஞ்ச?"

சந்திரலேகா அந்தப் பழைய கட்டிலைப் பற்றிச் சொன்னாள். திறந்து கிடந்த கதவு, தொடையில் விழுந்த அறை, அந்த வார்த்தை. இருபத்தேழு வருடமாக நவநீதனிடம்கூடச் சொல்லாதது. தரையில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"உங்களுக்கெல்லாம் தைரியம் சொன்னேன். எனக்கு வரல லாத்தா. டெஸ்ட் தோத்துப் போவல. நான்தான் அதுகிட்டப் போவல. போயிருந்தா உங்கள மாதிரி நானும் நடமாடிக்கிட்டு இருப்பேன். இதை ஷஃபீனாகிட்ட சொல்லுங்க. அது மட்டுமில்ல, பட்டினத்துல, நெடுங்காட்டுல, கேக்குறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க. சந்திரலேகா பொய் சொன்னா, அதனாலதான் சாவுறான்னு என் பேரச் சொல்லியே சொல்லுங்க."

மெஹர் பானு எழுந்தாள்.

"என்னை எதுக்குச் சொல்லச் சொல்ற? நீ ஊரை ஏமாத்துவ, ஊருக்கு நான் போயிச் சொல்லணுமா?" துப்பட்டியை இழுத்துப் போர்த்தினாள். "ஏன் புள்ள, மத்தவங்கள விடு. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல? என் கையப் புடிச்சு உள்ள அனுப்புனியே, நான் உன் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேனா? பக்கத்துலயே நின்னிருக்க மாட்டேனா? எவ கைய ஓங்குறான்னு பாத்திருக்க மாட்டேன்?"

சந்திரலேகாவின் கண்ணீர் காதோரம் வழிந்து தலையணைக்குள் இறங்கியது. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு மெஹர் பானுவுக்கு இன்னும் ஆத்திரத்தைத்தான் கிளப்பியது.

"கும்பிடாத. உன்னை மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல புள்ள. என்னைக்காவது வந்தா வரும். அன்னைக்குச் சொல்றதுக்கு நீ இருக்கணுமே!"

அதற்கு மேல் நிற்க முடியாமல் துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அங்கே நின்று பையில் துழாவி ஃபோனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தி மூன்றாவது தடவைதான் மகளைப் பிடித்தாள்.

"ஷஃபீனா, பிள்ளைகளப் பக்கத்து வீட்டுல விட்டுட்டுக் கெளம்பி நில்லு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்... இன்னைக்கேதான்... வாய மூடு, அவளுக்கு வந்துச்சுன்னு இனிமே சொல்லாத. அவ பாக்கவே இல்லடி. ஒருநாளும் பாக்கல... ஆமா, அவளேதான் சொன்னா... நான் உன்கூடவே இருப்பேன். கட்டில் பக்கத்துலயே நிப்பேன். யாரும் உன்மேல கை வைக்காம நான் பாத்துக்குறேன். கெளம்பு."

உள்ளே படுத்திருந்தவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கும்பிட்ட கைகளை அவள் இன்னும் பிரிக்கவில்லை.

மெஹர் பானு செருப்பை மாட்டினாள். வாசல்வரை வந்த நவநீதனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். வழக்கமாக உள்ளே பார்த்து, "வர்றேன் புள்ள, உனக்காக துஆ செய்றேன்" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறவள். இன்று ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறினாள். அது தெருமுனை திரும்பிப் பட்டினம் சாலைக்குப் போனது.

அறையிலிருந்து சந்திரலேகாவின் குரல் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு, கூப்பிட்டால் கேட்கும்படியான குரல்.

"ஏங்க, லாத்தா திரும்பிப் பாத்தாங்களா?"

பார்த்தாள் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதானே? சாகப் போகிறவளுக்கு அந்த நிம்மதியாவது கிடைக்கட்டுமே என்று அவருக்குத் தோன்றியது. கதவின் மேல் கையை வைத்தபடி வெறும் தெருவைப் பார்த்தார்.

"இல்ல சந்திரா. பாக்கல" என்று சொல்லிவிட்டு, நவநீதன் கதவைச் சாத்தினார்.